மேஸ்திரிக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம்

எங்கள் துறைத் தலைவர் ராகங்களை மாத்திரை மாதிரி எழுதிக் கொடுப்பவர். இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, தூக்கம் வராதவர்களுக்கு ஒன்று. காலையும் மாலையும், சாப்பாட்டுக்கு முன். வேடிக்கைக்காக அவர் இதைச் சொல்லவில்லை. இசை சிகிச்சையில் முதுகலை என்று சேர்ந்திருந்த எங்களுக்கு, ராஜபாளையத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்த வகுப்பறையில், கண்ணை மூடிக்கொண்டு இதையேதான் பாடமாக நடத்தினார். மூட்டுவலிக்கு என்ன ராகம் என்று ஒரு மாணவி கேட்டபோது, எந்த மூட்டு என்று திருப்பிக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். என்னைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவள். பாட்டு டீச்சர் என்றால் காலை வழிபாட்டுக்கு மைக் பிடிப்பவள். ஆண்டுவிழாவில் வரவேற்புப் பாட்டுக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துபவள். கணக்கு டீச்சருக்குப் பாடம் முடியாதபோது தன் பீரியடை விட்டுக்கொடுப்பவள். மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பிசியோதெரபி டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். அவர் மகள் என்னிடம் பாட்டுப் படித்தாள். பக்கவாதம் வந்தவர்களைத் தாளம் போட்டு நடக்கவைத்தால் காலடி சீராக விழுகிறது, எப்படி என்று முழுதாகப் படித்துப் பார்க்க நேரமில்லை என்று ஒருநாள் அவர் சொன்னார். அந்தக் கேள்விதான் என்னை ராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றியது. துறைத் தலைவரிடம் முதல் வாரமே அதைக் கேட்டேன். பிரபஞ்சமே ஒரு தாளம்தானம்மா என்றார். இதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

படிப்பில் உருப்படியான ஒரு காரியம் நடந்தது. மதுரையிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவர் வந்து சில வகுப்புகள் எடுத்தார். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டவர்களில் சிலரால், சொல்ல வராத சொல்லைப் பாட முடியும் என்றார். இரண்டே சுரம், ஒன்று மேலே, ஒன்று கீழே. நோயாளியின் இடது கையைப் பிடித்து மேசையில் மெல்லத் தட்டிக்கொண்டே, ஒரு சின்ன வாக்கியத்தை அந்த இரண்டு சுரத்தில் முனக வேண்டும். பிறகு சொல்லோடு சேர்த்துப் பாட வேண்டும். பிறகு அவரை மட்டும் பாடவிட வேண்டும். கடைசியில் பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிட்டுப் பேச்சை மட்டும் நிலைக்கவைக்க வேண்டும். எல்லாருக்கும் பலிக்காது, பலித்தாலும் மெதுவாகத்தான் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அவர் போனதும், பாவம், சங்கீதம் தெரியாத பெண் என்று துறைத் தலைவர் எங்களுக்கு விளக்கினார்.

இரண்டாம் வருடம் களப்பயிற்சி. எங்காவது ஒரு மருத்துவ இடத்தில் நோயாளிகளோடு வேலை செய்துவிட்டு அதைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். நான் பிசியோ டாக்டரின் கிளினிக்கைக் கேட்டுக்கொண்டேன். அங்கேதான் மேஸ்திரியைப் பார்த்தேன்.

மம்சாபுரத்துக்காரர். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வாழ்ந்த தொண்டை. பக்கவாதம் வலது கையையும் காலையும் இழுத்துக்கொண்டு, பேச்சையும் வாரிக்கொண்டு போயிருந்தது. நாம் சொல்வது எல்லாம் புரியும். திருப்பிச் சொல்லத்தான் வராது. ஆனால் ஒரே ஒரு சொல், மூதேவியைச் சுருக்கிய எங்கள் பக்கத்து வசவு, மட்டும் தப்பித்திருந்தது. மூதி.

தண்ணீர் வேண்டுமென்றாலும் மூதி. கால் வலித்தாலும் மூதி. டாக்டர் வணக்கம் சொன்னால் பதில் வணக்கமும் மூதிதான். அந்தச் சொல் தானாக வாயிலிருந்து விழும்போது அவர் முகம் சுருங்கிப்போவதை நான் பார்த்தேன். இப்படி நோயாளிகளுக்கு ஒரு வசவோ ஒரு சாமி பேரோ மிஞ்சி நிற்பது உண்டு, அதை அவர்கள் வேண்டுமென்று சொல்வதில்லை என்று படித்திருந்தேன். ஆனால் எந்தச் சொல் மிஞ்சும் என்பது ஓரளவு நாம் எதை அதிகம் சொல்லித் தேய்த்தோம் என்பதைப் பொறுத்தது என்றுதான் எனக்குப் பட்டது. அவர் மனைவியைப் பார்த்தபோது அந்த எண்ணம் உறுதியானது. ஒல்லியான பெண்மணி, கையில் ஒரு ஒயர் கூடை. கணவர் மூதி என்று சொல்லும்போதெல்லாம், யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்ப்பார்.

"அவியளுக்கு எல்லாப் பேச்சும் போயிட்டு. என் பேரு மட்டும் போகல" என்றார் என்னிடம். சிரிக்கவில்லை.

முதலில் மேஸ்திரிக்குப் பாட வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சாமி பாட்டை எடுத்து, இடது கையைத் தட்டிக்கொண்டே முதல் வரியைப் பாடினேன். இரண்டாம் வரியில் அவர் சேர்ந்துகொண்டார். சொல்லோடு. சொற்கள் கொஞ்சம் குழறின, ஆனால் சொற்கள்தான். பாட்டு நின்றதும் அவர் தன் வாயையே தொட்டுப் பார்த்தார். சந்தோஷத்தில் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். மூதி என்றார். நான் சிரிக்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டேன்.

அடுத்தது என்ன வாக்கியங்களைப் பழக்குவது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். தினமும் உதவும் சின்ன வாக்கியங்கள். நான் தயாராக வந்திருந்தேன்: தண்ணி வேணும், வலிக்குது, போதும். மேஸ்திரி தலையாட்டினார். அவர் மனைவி கூடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அதெல்லாம் அவிய கையக் காட்டுனாலே எனக்குத் தெரியும், டீச்சர்" என்றார் கடைசியில். "சாப்பிட்டியான்னு கேக்கச் சொல்லிக்குடுங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. யாரைக் கேட்க என்றேன்.

"என்னைத்தான். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து ஒரு நாள் கேட்டதில்ல. நல்லா இருந்த காலத்துல கேக்கலை. இப்பப் புதுசாத்தான பேசப் படிக்காவ, அதுல இதையும் சேத்துக்கிடட்டும்."

மேஸ்திரி இடது கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டார். அந்த முகத்தில் இருந்தது வெட்கமா கோபமா என்று நான் ஆராயப் போகவில்லை. வாழ்நாள் எல்லாம் பெண்டாட்டியை மூதி என்று கூப்பிட்டவருக்கு, ஒரே சொல் வாக்கியம் ஒன்று, சாப்பிட்டியா என்பது, அவ்வளவு கௌரவக் குறைச்சலாக இருந்தது. மற்ற வாக்கியங்களுக்குக் கை தந்தார். போதும் என்பதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். நான் எத்தனை முறை பாடிக் காட்டினாலும் இதற்கு மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டார். மனைவி வற்புறுத்தவில்லை. கிளினிக் நாட்களில் மம்சாபுரத்திலிருந்து அவரைப் பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, உட்கார வைத்துவிட்டு, கூடையோடு ஒரு ஓரமாக இருப்பார். வெயில் ஏறிய பிறகுதான் திரும்பப் போவார்கள். அதுவரை அந்த அம்மாள் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும்.

ஒருநாள் அது வந்தது. நான் இன்னொரு நோயாளிக்கு நடைப் பயிற்சிக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் நாற்காலிக் கையில் விரல் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம், சாப்பிட்டியா என்று கரகரத்த குரல். மனைவியின் முகத்தைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துப் பாடினார். அந்த அம்மாள், இன்னும் இல்ல, வீட்டுக்குப் போய்த்தான் என்று பதில் சொன்னார். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். அவ்வளவுதான். கண்ணீர் ஒன்றும் இல்லை.

எனக்குத்தான் சந்தேகம். பழக்கிய வாக்கியம்தானே, அதை அவர் மனதோடு கேட்டார் என்று எப்படி எடுத்துக்கொள்வது? இதை நான் ஏதோ ஆய்வுக் கேள்வி மாதிரி அந்த அம்மாளிடமே கேட்டேன்.

"மனசுல இருந்து வரணும்னு நான் எங்க கேட்டேன்? வாயில இருந்து வந்தாப் போதும்" என்றார்.

துறைத் தலைவர் மேற்பார்வைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். காரில் வந்தார். கூடவே தம்புரா செயலி உள்ள கைபேசி, ப்ளூடூத் ஸ்பீக்கர், நெற்றி நிறையச் சந்தனம். நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க வந்தவர், பார்க்கவில்லை. இரண்டு சுரம் என்ன சுரம், நாய் குரைப்பதில்கூட இரண்டு சுரம் உண்டு என்றார். மேஸ்திரிக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை மூடி ஒரு ராகத்தை ஆலாபனை செய்ய ஆரம்பித்தார். மோசமாகப் பாடினார் என்று சொல்ல மாட்டேன். நீளமாகப் பாடினார். மேஸ்திரி தூங்கிப்போனார். இந்த உறக்கம்தான் சிகிச்சை என்று துறைத் தலைவர் டாக்டரிடம் மெதுவான குரலில் சொன்னார். டாக்டர், காலையில் போட்ட மாத்திரைக்கு இந்த நேரம் தூக்கம் வரும் என்றார். அது துறைத் தலைவர் காதில் விழவில்லை. தன்னைத் தவிர யார் பேசினாலும் அந்தக் காதுகளில் விழாது.

மேஸ்திரி கண்விழித்ததும் வழக்கம்போல விரலைத் தட்டி மனைவியிடம் சாப்பிட்டியா என்று பாடினார். துறைத் தலைவர் அப்போது கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பயிற்சிப் பதிவுக்குத்தான் என்றார் என்னிடம். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, கல்லூரியில் நடக்கப்போகும் கருத்தரங்குக்கு இவரை மேடையேற்ற வேண்டும், சாப்பிட்டியா என்பதெல்லாம் சபையில் நன்றாயிருக்காது, கல்லூரிக்கு நன்றி என்று சொல்லப் பழக்கு என்றார். அகமதிப்பெண் அவர் கையில் இருப்பதையும் புன்னகையோடு நினைவூட்டினார். நான் அதை மேஸ்திரியிடமும் மனைவியிடமும் அப்படியே சொன்னேன். மேஸ்திரி, போதும் என்று பாடினார். மனைவி, அவிய வீட்டுக்குள்ள பேசப் படிக்கவே இம்புட்டு நாளாயிருக்கு, மேடையெல்லாம் வேண்டாம் என்றார். நான் துறைத் தலைவருக்கு அதைச் சொன்னபோது, ஏழைகளுக்கு விழிப்புணர்வு இல்லை என்று வருத்தப்பட்டார்.

கருத்தரங்குக்கு வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பால்கோவா வாங்கி வரும் பொறுப்பு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி என்பதால் என் தலையில் விழுந்தது. பையோடு நான் உள்ளே நுழையும்போது திரையில் மேஸ்திரி. அவர் வாய் சாப்பிட்டியா என்று அசைகிறது. ஆனால் கேட்பது துறைத் தலைவரின் ஆலாபனை. மேஸ்திரியின் குரலை எடுத்துவிட்டு, தன் குரலை அந்த இடத்தில் ஒட்டியிருந்தார். பேச்சிழந்தவர் ராகத்தால் பேசினார் என்று கீழே எழுத்து ஓடியது. அவர் பேசியது என்ன என்பது யாருக்கும் கேட்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. படித்தவர்கள் நிறைந்த கூடம் எழுந்து நின்று கைதட்டியது. நான் பால்கோவாவை மேசையில் வைத்துவிட்டு, அந்தச் சத்தத்தில் என்ன சொன்னாலும் கேட்காது என்று தெரிந்துகொண்டு, கூட்டம் கலையும்வரை காத்திருந்து அவரிடம் போனேன். அது நீங்கள் செய்தது இல்லை, அவர்கள் சம்மதமும் இல்லை என்றேன். குரு செய்தால் என்ன, சிஷ்யை செய்தால் என்ன என்றார். அப்போதும் கையில் ஒரு துண்டுப் பால்கோவா.

அந்தப் படம் வாட்ஸப்பில் சுற்றி மம்சாபுரத்துக்குப் போக அதிக நாள் ஆகவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கே வந்து, எந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டீர்கள் என்று விசாரித்தார்களாம். அந்த அம்மாள் எனக்குப் போன் போட்டு, உங்க சாரை எங்க பாக்கலாம் என்று கேட்டார். நான் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பாத்திரக் கடை மாடிப்படியில் மேஸ்திரி ஒவ்வொரு படியாக ஏறினார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் சிகிச்சைப் படிப்பு நடத்துகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

துறைத் தலைவர் எழுந்து கைகூப்பினார். உங்களால் எத்தனை பேருக்கு நம்பிக்கை வந்திருக்கிறது தெரியுமா என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் உட்காரவில்லை.

"அதை அழிச்சிருங்க" என்றார். "அவிய என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டது எங்க வீட்டு விசயம். நீங்க அதுமேல உங்க பாட்டைப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிருக்கீக. அழிக்கற வரைக்கும் நான் இங்கனயேதான் நிப்பேன்."

துறைத் தலைவர் பேசினார். கலை, சேவை, பெரிய நோக்கம், நன்கொடையாளர்கள் என்று பேசிக்கொண்டே போனார். மேஸ்திரி சுவரோரம் கைத்தடியை ஊன்றி நின்றார். அவர் தொடையில் இடது கைவிரல்கள் தட்ட ஆரம்பித்ததை நான் பார்த்தேன். பேச்சு நடுவே, மேலே ஒன்று கீழே ஒன்றாக, வா போவோம் என்று அவர் மனைவியைப் பார்த்துப் பாடினார்.

நான் அந்த வாக்கியத்தை அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பழக்காத வாக்கியத்தை நோயாளி தானாகக் கட்டிச் சொல்வதுதான் இந்தச் சிகிச்சையில் நாங்கள் ஏங்குகிற இடம். மதுரைப் பெண் சொல்லியிருந்தார், இது நடந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள் என்று. நடந்தது, இசை சிகிச்சைத் துறைத் தலைவரின் மேசைக்கு எதிரே, அவர் கைக்கெட்டும் தூரத்தில். அவர் நன்கொடையாளர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் எத்தனையோ பேரைப் பிடிக்காமல் போயிருக்கிறது எனக்கு. ஒருவரை இனி பொருட்படுத்தத் தேவையே இல்லை என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அந்த அம்மாள் கணவரிடம், அழிக்கட்டும், போவோம் என்றார். பிசியோ டாக்டர் புகார் எழுதத் தயாராக இருக்கிறார் என்று நான் சொன்னேன். உண்மையிலேயே அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். அதன் பிறகு துறைத் தலைவரின் விரல்கள் கைபேசியில் வேகமாக வேலை செய்தன. ஏற்கனவே ஊர் சுற்றப் போனதை யாரால் கூப்பிட முடியும்? கல்லூரியின் இணையப் பக்கத்திலிருந்தாவது போயிற்று.

என் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் கேட்டது, எந்த ராகம் உபயோகித்தீர்கள் என்பது. ராகம் எதுவும் இல்லை என்றேன். அவர் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். தேறும் அளவுக்கு மதிப்பெண் போட்டுக் கீழே அனுப்பினார்கள். இப்போது நான் பள்ளியை விட்டுவிட்டு, அதே கிளினிக்கில் காலை நேரம் வேலை செய்கிறேன். துறைத் தலைவருக்கு ஏதோ சங்கம் பட்டம் கொடுத்திருக்கிறது. ராகங்களை இப்போது இணையத்திலும் எழுதிக் கொடுக்கிறாராம்.

மேஸ்திரிக்கு வாக்கியங்கள் கூடிக்கொண்டே போயின. சோறு ஆறிப்போச்சு என்பது தானாக வந்த நாளில், அந்த அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார். இம்புட்டு போதும் டீச்சர், இதுக்கு மேல படிச்சா பழைய பேச்சு பூராவும் வந்துரும் என்றார். அவர் பயம் நியாயம்தான். மேஸ்திரி மேல் எனக்கு என்ன மரியாதை? ஒன்றும் இல்லை. ஆனாலும் வாய் அவருடையது. அவரைக் கேட்காமல் நிறுத்த முடியாதம்மா என்றேன். அந்த அம்மாள், சரி, கேளுங்க என்றார்.

கேட்டோம். மேஸ்திரி விரலைத் தட்டினார். வேணும் என்றார், பாட்டில்லாமல்.

"அப்பத் தனியா பஸ்ஸுல வந்து படிக்கட்டும்" என்றார் அந்த அம்மாள். "எனக்கு வீட்டுல வேலை கெடக்கு."

மறுவாரம் அவர் தனியாகத்தான் வந்தார். கைத்தடியோடு மம்சாபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, சட்டையெல்லாம் வியர்த்துப்போய். என்ன வாக்கியம் பழகலாம் என்று கேட்டேன். தெரு முனையில் இருந்த டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினார். சீனி கம்மி என்பதை அன்று முழுக்கத் தட்டித் தட்டிப் பாடினோம். கடையில் அவர் அதைப் பாடியபோது பெஞ்சில் இருந்த வெட்டி ஆட்கள் சிரித்தார்கள் என்று டாக்டர் சொன்னார். மேஸ்திரி டீயை வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நின்றாராம்.